பிச்சாவரத்தில் ஒரு நாள்: எப்போது போவது, எதைப் பார்ப்பது

என் அப்பா கிள்ளை ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். ஐந்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிக்கிற வரைக்கும் நான் வளர்ந்தது அந்த ஊரில்தான். அப்புறம் சிதம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் உயிரியல் பாடம் எடுத்தேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வருடா வருடம் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரத்துக்கு, உப்புத் தண்ணீரில் வளரும் மரங்கள் நிறைந்த அந்த அலையாத்திக் காட்டுக்கு, அழைத்துப் போவது என் பொறுப்பு. ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று யாராவது கூட இருப்பார்கள்.

அங்கே படகுத்துறையில் நிற்கும்போது ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விடிகாலையில் கிளம்பி வந்த குடும்பமாக இருக்கும். முதலில் நடராஜர் கோயில், பிறகு ஓட்டலில் சாப்பாடு, உச்சி வெயிலில் பிச்சாவரம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, மோட்டார் படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே காருக்குத் திரும்புவார்கள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று யாராவது ஒருவர் சொல்வது காதில் விழும். எனக்கு மனது கஷ்டமாகிவிடும். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அந்த நேரத்தில் அந்தப் படகில் போனால் கிடைப்பது அவ்வளவுதான். அதே குடும்பம் வேறொரு நாளில், காலைப் பொழுதில், துடுப்புப் படகில் உள்ளே போயிருந்தால் பிள்ளைகள் திரும்பி வரவே மனமில்லாமல் இருந்திருப்பார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாள் பார்ப்பது

மாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தை, மாசி, பங்குனி முதல் பாதி. இதைவிட நல்ல காலம் கிடையாது. மார்கழியும் நன்றாகவே இருக்கும். பனியும் பறவையும் சேர்ந்து கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆற்று வெள்ளம் இறங்கித் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் படகையும் நிறுத்திவிடுவார்கள். சித்திரை, வைகாசியில் வருவதானால் காலை பத்து மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கிழமையில் செவ்வாய், புதன் நல்லது. சனி, ஞாயிறு தவிர வேறு வழியில்லை என்றால் கவுண்டர் திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். காணும் பொங்கலன்று தயவுசெய்து வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். பிச்சாவரம் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் இந்தக் காடு. கடல் ஏறும்போது இங்கேயும் தண்ணீர் ஏறும். வற்றும்போது இங்கேயும் வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டாது. ஆனால் பல கால்வாய்களில் ஆழமே இடுப்பளவுதான் என்பதால், அந்த வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். எந்தக் கால்வாய்க்குள் படகு நுழையும், வேர் தெரியுமா, நண்டு வெளியே வருமா, எல்லாமே அதைப் பொறுத்ததுதான்.

அப்பாவிடம் இதற்கென்று எந்தக் கருவியும் கிடையாது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதியைப் பார்ப்பார். "இன்னிக்குத் தண்ணி மத்தியானந்தான் ஏறும்" என்பார், அப்படியே ஏறும். கணக்கு சுலபமானது. கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறுகிறது, இரண்டு தடவை வற்றுகிறது. இன்று ஏறிய நேரத்தைவிட நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி ஏறும். பழைய கணக்கில் இரண்டு நாழிகை. ஒரு திதிக்கு இரண்டு நாழிகை என்றால் 15 திதிக்கு 30 நாழிகை, அதாவது 12 மணி நேரம். அதனால்தான் அமாவாசையன்று எந்நேரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறதோ, பௌர்ணமியன்றும் ஏறக்குறைய அந்நேரத்துக்கே ஏறுகிறது. எங்கள் பக்கத்தில் அது காலைப் பொழுது. அந்த நாட்களில் ஏற்றமும் பெரியது, வற்றமும் பெரியது. நடுவில் வரும் அட்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் மெதுவாக, கொஞ்சமாகத்தான் நகரும். காலையில் வற்றி மதியத்துக்கு மேல் ஏறும்.

இதை வைத்து என்ன செய்வது? மரங்கள் கூரை கட்டி நிற்கும் குறுகலான கால்வாய்களுக்குள் போக ஆசை என்றால், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு காலைப் பொழுது. சின்னப் பிள்ளைகள் கூட வருகிறார்கள், வேரும் சேறும் நண்டும் காட்ட வேண்டும் என்றால், அட்டமி, நவமிப் பக்கம். நல்ல காரியத்துக்கு அந்த நாட்களைத் தள்ளிவைப்பது நம் வழக்கம். என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு பிச்சாவரம் பார்க்க அவைதான் நல்ல நாட்கள். சேறு தெரியத் தொடங்கி, தண்ணீர் மறுபடி மெல்ல ஏற ஆரம்பிக்கும் நேரம் கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம். இரண்டையும் பார்த்துவிடலாம்.

திதிக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கைபேசியில் கடலூருக்கான கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். கடலில் ஏறிய தண்ணீர் காட்டின் உட்பகுதிக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மணல் சேர்ந்து முகத்துவாரம் குறுகிப் போயிருக்கும் காலத்தில் இன்னும் பிந்தும். முந்தின நாள் படகுத்துறையில் யாரையாவது கேட்க முடிந்தால் அதைவிட நம்பகமானது வேறில்லை.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் போய் நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். என் நாத்தனார் குடும்பம் ஊரிலிருந்து வந்திருந்தது. ஏப்ரல் மாதம், கிளம்பவே பதினொன்று ஆகிவிட்டது. கூட்டிப்போகிற அவசரத்தில் திதியைப் பார்க்கவில்லை. உள்ளே போன அரை மணியில் படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகோட்டி இறங்கி, தொடையளவு சேற்றில் நின்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் நிழல் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நாத்தனாருடைய மாமனாருக்கு மயக்கமே வந்துவிட்டது. அன்றிலிருந்து காலண்டரைப் பார்க்காமல் யாரையும் கூட்டிப்போவதில்லை.

போகும் வழியும் கையில் இருக்க வேண்டியவையும்

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் 15 கிலோமீட்டர் சொச்சம். பேருந்து நிலையத்திலிருந்து கிள்ளை வழியாக நகரப் பேருந்து போகிறது. ஆனால் முதல் படகைப் பிடிக்க வேண்டும் என்றால் ஆட்டோவோ காரோதான் சரி. வெளியூர்க்காரர்கள் முந்தின இரவே சிதம்பரம் வந்து தங்கிவிடுவது உத்தமம். சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர் வழியாக ரயில் இருக்கிறது. பயணிகள் ரயிலில் வந்தால் கிள்ளையிலேயே இறங்கலாம்.

கிள்ளை தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நெல் வயல் முடிந்து, இறால் பண்ணைகளின் கரைகள் தொடங்கி, பிறகு தரை வெளுத்து உப்புப் பூத்த நிலமாக மாறும். அங்கே தரையோடு தரையாகச் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருப்பது உமிரி. எங்கள் வீட்டில் அம்மா அதைப் பறித்துவந்து, அதன் உப்பு போக வேகவைத்து வடித்துவிட்டுச் சமைப்பார்.

கையில் தேவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது தலையில் கட்டத் துண்டு, முழுக்கை சட்டை, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ரப்பர் செருப்பு. கைபேசியைப் போட்டு வைக்க ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறை ஒன்று. வீட்டில் பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்து வாருங்கள். நொறுக்குத் தீனிப் பொட்டலம் எதையும் படகுக்குள் எடுத்துப் போகாதீர்கள். காற்றில் பறந்த ஒரு உறை வேர்களுக்கு நடுவில் சிக்கிவிட்டால் அதை எடுக்கவே முடியாது. சேற்றுக்குள் கால் வைத்து யார் போவது?

படகு

படகுத்துறையை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். துடுப்புப் படகும் இருக்கிறது, மோட்டார் படகும் இருக்கிறது. துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாய்களில்தான் போகும். அதன் சத்தம் வருவதற்கு முன்பே பறவை எழுந்து போய்விடும். நண்டு வளைக்குள் போய்விடும். முகத்துவாரம் வரை போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் மோட்டார் படகுக்கு அர்த்தம் உண்டு. வயதானவர்கள் நீண்ட நேரம் உட்கார முடியாது என்பதற்காகவும் எடுக்கலாம்.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த சுற்றை எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதுவே சரி. கட்டணப் பலகையை நன்றாகப் படித்துப் பார்த்து, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, எதுவரைக்கும் என்று கவுண்டரிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிள்ளைகளுக்கு நீங்களே இழுத்துக் கட்டுங்கள். "நீச்சல் தெரியும்" என்று சொல்லும் அப்பாக்களும் போட்டுக்கொள்ளட்டும். அடியில் இருப்பது சேறு. கால் ஊன்ற முடியாது.

படகில் ஏறியதும் படகோட்டியிடம் நாலு வார்த்தை பேசுங்கள். "அண்ணே, நாங்க அவசரப்படல. சின்னக் கால்வாய் வழியாப் போங்க. மரம், பறவை எது கண்ணுல பட்டாலும் நிறுத்திச் சொல்லுங்க." இதைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிடும். பெரும்பாலும் சுற்றுவட்டார மீனவக் கிராமத்துக்காரர்கள். சிறுவயதிலிருந்து இந்தத் தண்ணீரில் இருப்பவர்கள். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில் பாதியை அவர்கள்தான் எனக்கு நேரில் காட்டித் தந்தார்கள். எனக்குப் பழக்கமான ஒருவர், நான் ஏறியதும், "டீச்சர், இன்னிக்குப் பிள்ளைங்க யாரும் வரலியா?" என்பார். பாடம் நடத்துவதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

உள்ளே போனதும் ஒரு பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள். பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டாகச் சொல்லுவேன்: எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர், மீன் துள்ளுவது, சேற்றில் குமிழி உடைவது, மீன்கொத்தி. ஒரு பிள்ளை பதினொன்று வரை எண்ணினான்.

மூன்று மரங்கள்

சுமார் 1,100 ஹெக்டேர் காடு இது. பத்துக்கு மேற்பட்ட அலையாத்தி வகைகள் உண்டு. ஆனால் முதல் தடவை போகிறவர்கள் மூன்றே மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது சுரபுன்னை. படகிலிருந்து கண்ணுக்கு முதலில் படுவது இதுதான். அடிமரத்திலிருந்தும் கிளையிலிருந்தும் வளைந்து வளைந்து இறங்கித் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கும் வேர்கள். பந்தலுக்கு முட்டுக்கொடுத்த கழிகள் மாதிரி. காய்க்கும் காலத்தில் முருங்கைக்காய் போல நீளமாகப் பச்சையாகத் தொங்குவதைப் பாருங்கள். அது காய் கிடையாது. மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு வளர்ந்த கன்று. கீழே விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். இல்லாவிட்டால் மிதந்துபோய் வேறொரு கரையில் வேர்விடும். உப்புத் தண்ணீரில் விதை முளைப்பது கஷ்டம் என்பதால் தாய்மரமே வளர்த்து அனுப்புகிறது. இதைச் சொல்லும்போது எந்த வகுப்பிலும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பறித்து வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இரண்டாவது வெண்கண்டல். சுரபுன்னைக் காடு என்று எல்லோரும் சொன்னாலும் இங்கே எண்ணிக்கையில் அதிகம் வெண்கண்டல்தான். சுரபுன்னை கால்வாய் ஓரத்தில் ஒரு வேலி மாதிரி நிற்கும். அதற்குப் பின்னால் உள்ளே பரந்து கிடப்பது இது. தண்ணீர் வற்றியிருந்தால் மரத்தைச் சுற்றித் தரையில் பென்சில் நட்டு வைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் குச்சிகள் நிற்கும். அவை மூச்சு விடும் வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேரே மேலே வந்து காற்றை வாங்கிக்கொள்கிறது. படகு ஓரமாகப் போகும்போது ஒரு இலையின் மேல் விரலை வைத்துத் தடவி, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுவேன். உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றுகிற மரம்.

தொடுவதற்கு முன்னால் அது வெண்கண்டல்தானா என்று படகோட்டியிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம். ஏனென்றால் மூன்றாவது மரம் தில்லை.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால். நடராஜர் கோயிலின் தல விருட்சம் இதுதான். ஒரு காலத்தில் ஊரே தில்லைவனமாக இருந்தது என்பார்கள். இன்று அதை அதன் சொந்த மண்ணில் பார்க்க இங்கேதான் வர வேண்டும். மேடான கரைப் பக்கம் நிற்கும். முதிர்ந்த இலை உதிர்வதற்கு முன் செக்கச்செவேல் என்று ஆகும். பச்சைக்கு நடுவில் அந்தச் சிவப்பை வைத்துத்தான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும்.

பல வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு குச்சியை ஒடித்துவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்த்துவிட்டான். கையிலிருந்த குடிநீர் பாட்டில் எல்லாவற்றையும் அவன் கண்ணிலேயே ஊற்றினோம். சிதம்பரம் வந்து மருத்துவரிடம் காட்டுகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை. இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் இருந்து, பிறகு தேறிவிட்டான். உங்களுக்கு இப்படி ஆனால் தாமதிக்காமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். தில்லையைக் கண்ணால் பார்த்தால் போதும். கை வேண்டாம்.

சேற்றில் இருப்பவர்கள்

வற்றும் நேரத்தில் கரையோரச் சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் கூட்டமாக நிற்கும். ஆண் நண்டு அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும்; யாரையோ 'வா வா' என்று கூப்பிடுகிற மாதிரி. படகு அசையாமல் நின்றால்தான் வளையிலிருந்து வெளியே வரும். இரண்டு நிமிடம் பொறுங்கள். பக்கத்திலேயே, கண் இரண்டும் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு, சேற்றில் தாவிப் போகும் மீன் இருக்கும். மீன் தரையில் நடக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதனால் சொல்லாமலே காட்டுங்கள்.

பறவைகளுக்கு மார்கழி முதல் மாசி வரை. கொக்கும் நாரையும் எப்போதும் உண்டு. இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருப்பது நீர்க்காகம். மேலே வட்டமிடும் செம்பருந்தைப் பார்த்துக் கூட வரும் பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குளிர்காலத்தில் சேற்று மேடுகளில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். வெகு தூரத்திலிருந்து வந்த விருந்தாளிகள்.

சில கால்வாய்களில் கழுத்தளவு தண்ணீரில் ஆட்கள் உட்கார்ந்து மெதுவாக நகர்வதைப் பார்ப்பீர்கள். இருளர் குடும்பங்கள். வலை இல்லாமல், வெறும் கையால் சேற்றைத் தடவித் தடவி இறாலையும் நண்டையும் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுவார்கள். மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருக்கிற வேலை. கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படகை ஒதுக்கி ஓட்டச் சொல்லுங்கள், தண்ணீரைக் கலக்கிவிட்டால் அவர்களுடைய அன்றைய பிடிப்பு போய்விடும்.

திரும்பி வந்ததும் துறையில் இருக்கும் பார்வைக் கோபுரத்தில் ஏறத் திறந்திருந்தால் ஏறுங்கள். மேலேயிருந்து பார்த்தால்தான் காட்டின் பரப்பு பிடிபடும். வழியில் சில இடங்களில் மரங்கள் வரிசை பிடித்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை மனிதர்கள் நட்டவை. ஒரு காலத்தில் மரத்தை மொத்தமாக வெட்டிய இடங்களில் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. மண் அமிழ்ந்து பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறி, அலையாத்தியே முளைக்க முடியாத தரையாகிவிட்டது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே கால்வாய் வெட்டின. நடுவில் பெரியதாக ஒன்று, இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மீன் முள்ளைப் போல. தண்ணீர் மறுபடி வந்துபோகத் தொடங்கியதும் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2022-ல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் கால்வாய்களை வெட்டிய கைகள்தான்.

முகத்துவாரப் பக்கம்

காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமான மணல் திட்டுகள் உண்டு. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு என்று அங்கே மீனவர் குடியிருப்புகள் இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கடல் நேராக அவற்றின் மேல் ஏறியது. நிறையப் பேர் போனார்கள். உயிர் பிழைத்தவர்கள் பிறகு உள்நிலத்துக்குக் குடிமாறினார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு; அலையின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொண்டன. அந்தத் திட்டிலிருந்து படகேறி என் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். படகோட்டிகளிடம் அதைப் பற்றிச் சுற்றுலாக் கதை மாதிரி கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணல் திட்டு வரை படகு அனுமதிக்கும் நாளில் போனால் கால் நனைக்கலாம். குளிக்க மட்டும் இறங்காதீர்கள். வற்றும் நேரத்தில் காட்டுத் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். கடலில் விளையாட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வெள்ளாற்றுக்கு வடக்கே சாமியார்பேட்டை கடற்கரை இருக்கிறது. அங்கேயும் முழங்காலோடு நிற்பதுதான் பத்திரம்.

சாப்பாடும் மீதிப் பொழுதும்

காலைச் சாப்பாட்டை இட்லியாகக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். சிதம்பரத்தில் வாங்கிக் கட்டினால் கொத்சு கேட்டு வாங்குங்கள். சுட்ட கத்தரிக்காய் மணத்தோடு இருக்கும் அதற்காகவே ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. மீன் வாங்கிப் போக நினைக்கிறவர்கள் கிள்ளைக்குப் பக்கத்தில் முடசல் ஓடைத் துறைக்கு வண்டியை விடலாம். படகுகள் வந்து சேரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, ஐஸ் போட ஒரு பெட்டியோடு போங்கள்.

வேலை நாளாக இருந்தால் வெள்ளாற்றின் வடகரையில் பரங்கிப்பேட்டைக்குப் போகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தைப் பார்க்க முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. வரலாறு பிடித்த பிள்ளைகள் இருந்தால், 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியது இந்த ஊர்ப் பக்கம்தான் என்று சொல்லுங்கள். மாசி மகத்தை ஒட்டி வருகிறவர்கள் கிள்ளைத் தீர்த்தவாரியைப் பாருங்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் கடலாட வருவார். வழியில் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குப் படகு நினைப்பை விட்டுவிடுங்கள்; அவ்வளவு கூட்டம் இருக்கும்.

கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, தில்லை மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தில்லைக்கூத்தன் முன்னால் போய் நிற்கும்போது அந்தப் பேர் வேறு மாதிரி காதில் விழும். நடராஜரைப் பார்த்துவிட்டு ஊரின் வடக்கு ஓரத்தில் தில்லைக் காளி கோயிலுக்கும் போங்கள். ஆட்டத்தில் தோற்று ஊர் எல்லைக்குப் போனவள் என்று கதை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவள் மேல் தனிப் பிரியம்.

சென்னை ரயிலில் திரும்புகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினால், போகும் திசையில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். கிள்ளை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம் வரும். தண்ணீரில் மிதக்கும் ஏதாவது ஒரு இலையையோ நுரையையோ பாருங்கள். வலப்பக்கமாக, கடலை நோக்கிப் போனால் வற்றம். பாலத்துக்கு அடியில் புகுந்து இடப்பக்கம் போனால் ஏற்றம். கிள்ளையில் இருந்த நாளில் அந்தப் பாலம் வரும்போதெல்லாம் அப்பா என்னை எழுப்பி இதைக் கேட்பார்.